கண்ணாடி பீரோவில் இரண்டு மகாலட்சுமிகள்

அக்டோபர் 1

இன்று தொடங்கி இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருத்தர்கூட நம்பப் போவதில்லை என்று, எங்கள் ஃபவுண்டரியின் கரி பிடித்த கூரைத் தகரத்தின் மேல் ஆணையிட்டு, முதல் வரியிலேயே உறுதிமொழி அளிக்கிறேன். நம்பாதவர்களுக்கு நஷ்டமில்லை. நம்புகிறவர்கள் நல்ல டாக்டராகப் பார்க்கவும்.

அடியேன் சென்னியப்பன். கோயம்புத்தூரில் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் ஃபவுண்டரி ஒன்றில் பிசிறு எடுக்கிறவன். அச்சை உடைத்து வெளியே வரும் வார்ப்பு, ஓரமெல்லாம் பிசிறும் முளையுமாக, தூங்கி எழுந்த குழந்தையின் தலை மாதிரி இருக்கும். கை கிரைண்டரைப் பிடித்து அதைத் தேய்த்து, வழவழவென்று ஆக்கி அனுப்புவது என் தொழில். நான் கிரைண்டரை அழுத்தினால் மருதமலையில் முருகன் வேலைக் கீழே வைத்துவிட்டுக் காதைப் பொத்துகிறார். வாளையாறு தாண்டிப் பாலக்காட்டில் தேங்காய்கள் ஏறுவாரில்லாமலே உதிர்கின்றன. பாலக்காட்டார் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

ஃபவுண்டரியில் எல்லோருக்கும் நான் மாமா. என்னைவிட மூத்தவனும் மாமா என்றுதான் கூப்பிடுகிறான். வாசல் நாய் குரைப்பதும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

இன்று ஆயுத பூஜை. நடு மேடையில் இரண்டு புதுக் கிரைண்டர்கள். நாங்கள் செய்யும் பம்பை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளிகளின் கையைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்கிறது, அதற்காக வாங்கியவை. கையில் எடுத்து ஓடவிட்டுப் பார்த்தேன். அடடா! ஓடுகிறதா தூங்குகிறதா என்றே தெரியவில்லை. பூனையை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். கைப்பிடிக்குள் ஏதோ ரப்பர் வைத்து ஆட்டத்தை அங்கேயே அமுக்கிவிடுகிறானாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? சந்தனத்தைக் குழைத்து இரண்டுக்கும் அப்பி, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைக் குத்தி, கூட்டத்தைப் பார்த்து அறிவித்தேன்: “இவங்க ரெண்டு பேரும் மெஷினு இல்லீங்க சாமி. அக்கா தங்கச்சி, ரெண்டு மகாலட்சுமி. சுத்தமில்லாதவன் தொட்டா கை அழுகிப் போயிரும்!” ஃபவுண்டரியே கைதட்டியது. சூப்பர்வைசர் ஜெகதீசன் எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது. பேனா சரியில்லை.

அக்டோபர் 3

விஜயதசமிக்கு மறுபூசை போட்டு, பூஜையில் வைத்த சுத்தியல், இடுக்கி, பழைய கிரைண்டர் எல்லாவற்றையும் வேலைக்கு எடுத்துக்கொண்டோம். மகாலட்சுமிகளை மட்டும் காணோம். தேடிப் போனால், ஆபீஸ் ரூமில், கேடயம் கோப்பை வைக்கும் கண்ணாடி பீரோவுக்குள், மாலையும் பொட்டுமாக வீற்றிருக்கிறார்கள். பீரோவுக்குப் பூட்டு.

“என்னுங்க சார், புள்ளைங்கள உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க?”

ஜெகதீசன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, “அதுக்கு இன்னும் மறுபூசை போடலீங்க மாமா. பூசைல இருக்கறதைத் தொடலாமுங்களா? நீங்கதானுங்க சொன்னீங்க, கை அழுகிப் போயிரும்னு” என்றார்.

“அப்ப மறுபூசையப் போடுங்க.”

“மொதலாளி நல்ல நாள் பாத்துச் சொல்லுவாருங்க.”

என் வாயில் பிறந்த வார்த்தை என் வாசலிலேயே வந்து காவல்காரனாக நிற்கிறது. எந்த ராஜாவுக்கும் இப்படி ஒரு துரோகம் நடந்ததில்லை.

அக்டோபர் 4

பேனா மாற்றினேன். புதுப் பேனாவும் அதே கோணல். பேனாக் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசிக்கொண்டு செய்கிற சதி.

அக்டோபர் 19

தீபாவளிக்குத் தங்கச்சி வளர்மதி பெருந்துறையிலிருந்து வந்திருக்கிறாள், குழந்தையோடு. கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இனி இல்லை என்று ஊரே கைவிட்ட பிறகு பிறந்த குழந்தை. இதழினி என்று பேர். எட்டு மாதம். அவளுடைய கன்னத்தில் ஒரு மாத ரேஷன் சர்க்கரையை ஒளித்து வைக்கலாம்.

“தையில காது குத்து வெச்சிருக்கறோமுங்கண்ணா. கொலதெய்வம் கோயில்ல. உங்க மடியிலதான் உக்கார வெக்கோணும்” என்றாள் வளர்மதி.

“பின்ன? நான் இருக்கறப்ப வேற எவன் மடி?” என்றேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மற்றெல்லாச் சீரையும் யாரும் கொண்டுவரலாம். மடிக்கு மாற்றாள் கிடையாது. ஆசாரி ஊசியைக் குத்தும்போது குழந்தை துள்ளும். அப்போது அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் மாமன் வேலை. கொஞ்சம் பிசகினால் ஊசி எங்கே போகும் என்று யாரும் பேசிக்கொள்வதில்லை.

குழந்தையைக் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரத்திலேயே தெய்வானை வந்து வாங்கிக்கொண்டாள். தெய்வானை என் மனைவி. அடுப்பில் ஆயிரம் வேலை இருக்கும்போது அவள் ஏன் ஓடி வந்து வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

நவம்பர் 6

என் பழைய கிரைண்டருக்கு ராட்சசி என்று பேர். அவளைப் பற்றி வரலாற்றில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும்.

பேரிங் ஆடுகிறது. வார்ப்பைத் தேய்க்கிற கல் ஒரு பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் புடைத்து, கோணல் சக்கரம் போட்ட கட்டைவண்டி மாதிரி தத்தித் தத்திச் சுற்றுகிறது. கல் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்தால்தான் புதுக் கல் தருவார்கள். ராட்சசியை ஓடவிட்டுத் தரையில் வைத்தால் தானாகவே நடந்து அவினாசி ரோட்டைக் கடந்து பஸ் ஏறிவிடுவாள். அதனால் விடாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் கோணித்துணியைச் சுற்றி, அதன்மேல் என் முழு ஆயுளையும் சுற்றி வைத்திருக்கிறேன். அப்படியும் அவளுடைய ஆட்டம் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வழியாக ஏறி, கடைவாய்ப் பல்லில் வந்து தாளம் போடுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் சாம்பாரில் அலை அடிக்கிறது. உருளைக்கிழங்குகள் தட்டைவிட்டு நீந்தித் தப்பிக்கின்றன.

எனக்குப் பக்கத்து மேடை குப்புராஜ். என்னைவிடச் சின்னவன், அவன் கிரைண்டர் என்னுடையதைவிட மோசம். இன்று டீ குடிக்கும்போது கேட்டான்: “மாமா, காலைல உங்களுக்கு வெரலு மரத்துக்குதுங்களா?”

“எனக்கா? என்ற வெரல்ல தேளே கொட்டுனாலும் தேளுதான் ஆஸ்பத்திரி போகும்.”

“எனக்கு மரத்துக்குதுங்க. சட்டைப் பட்டனு போட முடியறதில்ல. ஊட்ல சொல்லலை.”

நான் இந்த மாதத்திலிருந்து பட்டன் இல்லாத டீ-சர்ட்டுக்கு மாறியிருப்பது நவீன நாகரிகத்தின் மேல் உள்ள பற்றினால்.

நவம்பர் 17

காலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குளிரக் குளிர வீசியது. பால் வாங்க சைக்கிளில் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வலது கையில் மூன்று விரல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேர். பொம்மைக் கடையில் வாங்கி ஒட்ட வைத்தது போல இருந்தன. பால் பாக்கெட் கீழே விழுந்தது எனக்குத் தெரியாது, தெய்வானை “ஐயோ பாலு!” என்று கத்தினபோதுதான் தெரிந்தது.

“என்னுங்க இது? ரத்தமே இல்ல?”

“வெள்ளைக்காரன் ஆயிட்டு வர்றேன் அம்மணி. மொதல்ல வெரலு, பொறவு மூக்கு.”

அவள் சிரிக்கவில்லை. சுடுதண்ணீர் வைத்தாள். கை சிவந்து, நூறு கட்டெறும்பு ஒரே நேரத்தில் கடிக்கிற மாதிரி எரிந்து, பிறகு சரியானது. சரியானது என்றுதான் எழுதுகிறேன்.

நவம்பர் 20

தெய்வானை என்னை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் நுனியில் ஊசி முனையால் தொட்டார். “தெரியுதா? இப்ப தெரியுதா? இப்ப?”

நான் உத்தேசமாக ஆமாம் ஆமாம் என்றேன். கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா ஊசியை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு தடவை அவர் தொடவே இல்லையாம். டாக்டர்கள் இப்படி ஏமாற்றுவது தர்மமா?

“மெஷின் அதிர்வுதாங்க. விரல்ல இருக்கற நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுத்திருக்குது. அதை எப்படிப் பிடிப்பீங்க?”

“இறுக்கித்தானுங்க. விட்டா சூலூரு போயிருமே!”

“இறுக்க இறுக்க ஆட்டம் பூரா கைக்குள்ளதான் எறங்கும். மெஷினை மாத்தச் சொல்லுங்க. ஆடாத மெஷினு, நல்ல கல்லு. நாள் முழுக்க ஒருத்தரே ஓட்டாம மாத்தி மாத்தி ஓட்டுங்க. கையைக் குளிர விடாதீங்க. பீடி கூடவே கூடாது.”

“இப்ப நிறுத்துனா சரியாயிருமுங்களா?” என்று தெய்வானை கேட்டாள்.

“இன்னும் மோசமாகாம இருக்கும்மா. போனதுல கொஞ்சம் திரும்பலாம். எவ்வளவுன்னு சொல்ல முடியாது.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது தெய்வானை, “தையில எப்புடிங்க?” என்று மட்டும் கேட்டாள். வெயிலில் கண் கூசியது. அதனால்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 22

டாக்டரம்மா சொன்னதை ஜெகதீசனிடம் சொன்னேன். மகாலட்சுமிகளைக் கேட்டேன். இத்தனை வருஷ சர்வீசில் நான் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. என் பணிவைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

“மாமா, குளுருக்கு எல்லாருக்கும் வெரலு வெறைக்கும். என்ற சம்சாரத்துக்கும் வெறைக்குது. அவ என்ன கிரைண்டரா ஓட்டறா?”

“அந்த பீரோவைத் தொறந்து உடுங்க சார்.”

“பூசைல இருக்குதுங்க.”

“மால காஞ்சு போச்சு! எலுமிச்சம்பழம் கருவாடு மாதிரி ஆயிருச்சு! இன்னும் என்னங்க பூச?”

“சாமி விஷயத்துல நான் அவசரப்பட மாட்டேனுங்க” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் அவரே உண்மையைச் சொன்னார். “ஆய்வுக்கு மறுபடியும் ஆள் வருவாங்க மாமா. அப்ப புதுசா இருக்கோணும். நீங்க ஓட்டி, கீறிப்போட்டு வெச்சா, நான் எதைக் காட்டறது?”

இதைக் கேட்டு என் மீசை இரண்டு பக்கமும் தீப்பற்றி எரிந்தது. அணைக்கத் தீயணைப்பு வண்டி வந்தது. கையைக் காப்பாற்ற வாங்கிய மெஷினின் மேல் கை படக்கூடாதாம்! குடையை நனையாமல் பார்த்துக்கொண்டு, குழந்தையை மழையில் நிற்க வைக்கிற புத்தி. பீரோவுக்குள் கோப்பை, கேடயம், மகாலட்சுமி எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. பீரோவுக்கு வெளியே ஒருத்தனுக்குப் பட்டன் போட முடியவில்லை. அவன் குப்புராஜ். நான் இல்லை.

டிசம்பர் 2

நிர்வாகத்தின் கருணை: எல்லோருக்கும் ஒரு ஜோடி கையுறை. கோணிப்பை கனத்தில் இருக்கிறது. போட்டுக்கொண்டால் கைப்பிடி பிடிபடுவதில்லை; இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ராட்சசிக்கு ஒரே கொண்டாட்டம்.

சாயங்காலம் வீட்டில் யாருமில்லை என்று நினைத்து ஒரு ராணுவ ஒத்திகை நடத்தினேன். பரங்கிக்காய் ஒன்றைத் துண்டில் சுற்றி, சம்மணம் போட்டு மடியில் வைத்து, துள்ளுகிற மாதிரி நானே ஆட்டி, நானே பிடித்தேன். சரியாகத்தான் பிடித்திருந்தேன். பரங்கிக்காய் வேண்டுமென்றே நழுவியது. சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

திரும்பிப் பார்த்தால் தெய்வானை வாசலில் நிற்கிறாள். எப்போது வந்தாளோ. உட்கார்ந்து, சிதறின விதையைப் பொறுக்கினாள்.

“வளர்மதிகிட்ட நான் பேசட்டுங்களா? பெரியப்பா பையன் இருக்கறாப்ல…”

“எவன் மடியிலடி வெக்கச் சொல்லுவே?” என்று கத்தினேன். அக்கம் பக்கத்து ஓடுகள் பறந்தன. கத்தினது அவள்மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சனியன் பிடித்த பீரோவின்மேல்.

ராத்திரி பரங்கிக்காய்ப் பொரியல். நான் சாப்பிடவில்லை.

டிசம்பர் 10

குப்புராஜின் கையிலிருந்து வார்ப்பு நழுவிக் காலில் விழுந்தது. எலும்பு முறியவில்லை. அவனுக்கு வலித்ததைவிட, பிடி விட்டதே தெரியவில்லை என்பதுதான் பயம். “மாமா, புடிச்சிட்டு இருக்கறேன்னுதான் நெனச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இன்று வேடிக்கையாக எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 18

இன்றைக்கு நடந்ததை எழுத ஆயிரம் நாக்குள்ள ஆதிசேஷனைக் கூப்பிட்டேன். அவருக்கும் கை மரத்துவிட்டதாம். நானே எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனிக்காக ஆய்வு செய்யும் ஹேமலதா மேடம் சென்னையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நேரே எங்கள் பகுதிக்கு வந்து, “ஃபோட்டோல ரெண்டு புது கிரைண்டர் அனுப்பியிருந்தீங்களே, யார் யூஸ் பண்றாங்க?” என்று கேட்டார்.

“எல்லாரும்தான் மேடம். டெய்லி, ரொட்டேஷன்ல” என்றார் ஜெகதீசன். சொல்லிக்கொண்டே பின்பக்கமாகக் கையை ஆட்டி, பீரோவைத் திறக்க ஆளை விரட்டினார். ஆனால் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்து நீட்டுவதற்குள் மேடம் ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டார். காய்ந்த மாலை. கருத்த பழம். வெடித்த சந்தனம்.

“இது என்ன?”

“சும்மா… கிளீன் பண்ணி… மாமா! வாங்க, எடுத்து மேடத்துக்கு ஓட்டிக் காமிங்க!”

பூட்டு திறந்தது. எத்தனை நாள் நான் கனவில் திறந்த கதவு! இரண்டு எட்டு வைத்தால் என் கையில் இருக்கும். எடுத்திருந்தால், மேடம் பார்த்துவிட்டுப் போவார். கதவு மறுபடி மூடும். நான் கையை நீட்டவில்லை. துண்டை இடுப்பில் கட்டி, கண்ணை மூடி, கும்பிட்டேன்.

“ஐயய்யோ, பாவம் சேருமுங்க சார்! மகாலட்சுமி பூசைல இருக்கறாங்க. மறுபூசை போடாமத் தொடக்கூடாதுன்னு அக்டோபர்ல இருந்து நீங்கதானுங்களே சொல்லிட்டு இருக்கறீங்க!”

“அக்டோபர்ல இருந்தா?” என்றார் மேடம்.

“மாமா வெளையாடுவாப்ல மேடம். டேய் குப்புராஜு, நீ எடு!”

குப்புராஜ் கட்டுப் போட்ட காலோடு நொண்டி வந்து என் பக்கத்தில் நின்றான். கும்பிட்டான். “தொட்டா கை வெளங்காமப் போயிரும்னு சொல்லியிருக்கறாங்க மேடம். கை ஏற்கெனவே வெளங்காமப் போயிருச்சு, அது வேற. ஆனாலும் சாமி குத்தமாயிருமுங்களே!”

அவனுக்குப் பின்னால் பிசிறு எடுக்கிற அத்தனை பேரும் கையைக் கூப்பி நின்றார்கள். திருப்பதியில்கூட அப்படி ஒரு பக்தியைப் பார்க்க முடியாது. ஒருத்தருக்கும் கோபம் தணியவில்லை.

சின்ன முதலாளி சுதர்சன் ஓடி வந்தார். அப்பாவுக்குப் பிறகு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறவர். கெட்ட மனிதர் இல்லை. எங்கள் பகுதியில் சத்தம் அதிகம் என்று உள்ளே வருவதே இல்லை, அவ்வளவுதான்.

“என்ன மாமா, இவ்வளவுதானே? இப்பவே மறுபூசை போட்டுரலாம்.”

“போடலாமுங்க மொதலாளி. மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. பூசை எடுக்கறவங்கதான் மொத மொதல்ல ஓட்டோணும். உங்கப்பா காலத்துல அவருதானுங்க ஓட்டுவாரு.”

“அதுக்கென்ன, ஓட்டறேன்” என்று பீரோவின் பக்கம் போனார்.

“அங்க இல்லீங்க. மூத்த ஆயுதம்தான் மொதல்ல. கற்பூரம் அணையற வரைக்கும்.” இந்தச் சாஸ்திரத்தை நான் அந்த நொடியில், அந்த இடத்தில், நின்ற நிலையில் இயற்றினேன். எந்த வேதத்திலும் இல்லை. ஆனால் மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியால் மறுக்க முடியவில்லை.

அவருக்கு நானே கண்ணாடி மாட்டிவிட்டேன். ஒரு பம்பு வார்ப்பை மேடையில் இறுக்கி வைத்தேன். ராட்சசியை இரண்டு கையிலும் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டேன். குப்புராஜ் தட்டில் கற்பூரத்தைக் குவித்தான். குவித்த குவியலைப் பார்த்தால் கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையே கடன் கேட்டு வரும்.

ராட்சசி எழுந்தாள். முதலாளியின் கன்னச் சதை ஆடியது. சட்டைப் பையிலிருந்த பேனா மெல்ல ஏறி வந்து வெளியே குதித்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டைச் சுற்றி வந்தது. “இறுக்கிப் புடிங்க மொதலாளி, விட்டா சூலூரு போயிருவா!” என்றேன். இறுக்கிப் பிடித்தார். பல் கிட்டித்தது. கற்பூரம் அணைகிற வழியாக இல்லை. பாதியில் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தேன்.

ஒருவழியாக முடிந்து ராட்சசியைக் கீழே வைத்தபோது அவருக்கு டீ கொடுத்தார்கள். கண்ணாடி டம்ளரை வாங்கினார். டீ தானாக எழும்பி வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அவர் சட்டையைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். தூக்கிப் பிடித்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

“மாமா, இது நிக்க மாட்டேங்குதே.”

“நிக்குமுங்க மொதலாளி. சித்த நேரத்துல உங்களுக்கு நின்னுரும். நாங்க திரும்ப எடுத்துருவோமுங்க, அதனால எங்களுக்குத்தான் நிக்கறதில்ல.”

ஜெகதீசன் பீரோவின் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

மேடம் குப்புராஜின் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, “உங்க கையைக் காட்டுங்க” என்றார். காட்டினேன். விரலை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

முதலாளி போய், பீரோவிலிருந்து இரண்டு மகாலட்சுமிகளையும் எடுத்துவந்து, ஒன்றை என் கையிலும் ஒன்றைக் குப்புராஜ் கையிலும் கொடுத்தார். காய்ந்த மாலை பாதி வழியில் உதிர்ந்தது.

டிசம்பர் 24

இந்த உலகம் அழியப் போகிறது. அறிகுறிகள்: ராட்சசிக்குப் பேரிங் மாற்றக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். கல் கோணினாலே புதுக் கல் தருகிறார்கள். இன்னும் நான்கு புது கிரைண்டருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். ஒரே ஆள் நாள் முழுக்க ஓட்டக் கூடாது; ஓட்டுகிறவன் கொஞ்சம் கழித்து எடை போடுகிற வேலைக்குப் போகிறான், எடை போடுகிறவன் இங்கே வருகிறான். அச்சுப் பெட்டியின் இரண்டு பாதியையும் பொருத்தும் ஆணி தேய்ந்திருப்பதால்தான் பிசிறு தடிமனாக வருகிறது என்று அதையும் மாற்றுகிறார்கள். பிசிறே குறைந்தால் தேய்ப்பதும் குறையும். இதை முன்பே செய்திருக்கலாமே என்று கேட்க எனக்குத் தொண்டை வரை வந்தது. கேட்டேன்.

“இப்பதானுங்க தெரிஞ்சுது மாமா” என்றார் ஜெகதீசன்.

இவர்களுக்குத் தெரிய வேண்டுமானால் முதலாளியின் சட்டையில் டீ கொட்ட வேண்டியிருக்கிறது! எங்கள் சட்டையில் இத்தனை காலம் கொட்டியதெல்லாம் என்ன, பன்னீரா?

டிசம்பர் 31

டாக்டரம்மா மறுபடி ஊசி வைத்துப் பார்த்தார். இந்தத் தடவை நான் உத்தேசமாகச் சொல்லவில்லை. குப்புராஜுக்கு நல்ல முன்னேற்றமாம். எனக்கு, “பாக்கலாம்” என்றார்.

டைரி இன்றோடு தீர்ந்தது.

ஜனவரி 25

டைரியின் கடைசியில் போன் நம்பர் எழுதும் பக்கங்கள் காலியாக இருக்கின்றன. எனக்கு அவ்வளவு சொந்தக்காரர்கள் இல்லை. அதில் எழுதுகிறேன்.

இன்று இதழினிக்குக் காது குத்து. கோயில் வாசலில் மொட்டையடித்து, சந்தனம் தடவி, நான் எடுத்துக் கொடுத்த பட்டுப் பாவாடையைக் கட்டி, அவளை என் மடியில் வைத்தார்கள். மொட்டைத் தலையோடு அவள் என்னைப் பார்த்த பார்வையில் தமிழ்நாட்டின் அடுத்த பத்துக் கலெக்டர்களின் அதிகாரம் இருந்தது.

“கெட்டியாப் புடிச்சுக்கோங்கண்ணா” என்றாள் வளர்மதி.

“நான் புடிச்சா எமன் வந்தாலும் டோக்கன் வாங்கிட்டு நிக்கோணும்” என்று சொல்ல நினைத்தேன். இடது கையால் அவள் தலையை என் நெஞ்சோடு சாய்த்தேன். வலது கையால் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தேன். பிடித்திருக்கிறேனா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது தெய்வானை என்னை ஒட்டி வந்து உட்கார்ந்து, குளிருக்குப் போர்த்துவதுபோல் என் மடிமேல் துண்டை விரித்தாள். துண்டுக்கு அடியில் இன்னொரு கை வந்து என் கைக்குக் கீழே, குழந்தையைத் தாங்கி நின்றது. அது யார் கை என்று இந்த டைரியில் எழுத மாட்டேன். ஊரார் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மாமன் கைதான்.

ஆசாரி ஊசியை எடுத்தார். முதல் காது. குழந்தை வீறிட்டது. திமிறியது. நழுவவில்லை. இரண்டாவது காதுக்குத் திருப்பும்போது, அவளுக்குப் புதிதாக முளைத்திருக்கும் நான்கு பல்லும் என் வலது ஆள்காட்டி விரலில் இறங்கின. ரத்தம் வந்து பட்டுப் பாவாடையில் சொட்டியது. நான் அசையவில்லை. ஆசாரி குத்தி முடித்தார். இரண்டு காதிலும் தங்கம் மின்னியது. கூட்டம் குலவையிட்டது.

“அடேங்கப்பா! ரத்தம் ஊத்துது, மாமன் கண்ணைக்கூட இமைக்கலையே! இதல்லோ தாய்மாமன்!” என்று பெரியப்பா மகன் சத்தம் போட்டான். நான் உடனே குழந்தையை வளர்மதியிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்று, சின்ன வயதில் ஆனைமலையில் ஒரு சிறுத்தை என் கையைக் கவ்வியதையும், நான் அதற்குப் பல் வலி மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பியதையும் விரிவாக எடுத்துச் சொன்னேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வளர்மதி சிரித்து அழுதாள். தெய்வானை மட்டும் என் விரலைத் துண்டின் நுனியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்த டைரியில் மருதமலை முருகன் பொய். பாலக்காட்டுத் தேங்காய் பொய். சாம்பாரில் நீந்திய உருளைக்கிழங்கு, எரிந்த மீசை, ஆதிசேஷன், சிறுத்தை எல்லாமே பொய். பேனாமேல் சொன்ன குற்றமும் பொய். இத்தனையிலும் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை கடித்தபோது எனக்கு வலிக்கவில்லை.